நீ விழுங்காத மாத்திரை

இன்று காலை சாங்வி மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்றிருந்த ஆளின் கழுத்தில், காமாலைக்குப் போடும் காவீள் மாலை தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த குச்சித் துண்டுகளை நூலில் சுருக்கிட்டுக் கோத்த அந்த வெளிறிய மாலையை நீ மறந்திருக்க மாட்டாய். மறக்கும் வசதி உனக்கு இன்னும் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. சட்டைக்கு மேலே அது தொப்புள்வரை இறங்கியிருந்தது. ஒரு கையால் மாலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டாக்டரின் சீட்டை நீட்டினான். இரண்டையும் நம்புகிறவன். காற்றே இல்லாத கடைக்குள் மாலையின் நுனி மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. அவன் மூச்சினால்தான், அதை விளக்க எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதும் பழக்கத்தை நான் மதிப்பதில்லை. பதில் வராத இடத்துக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்களைத் தாங்களே பாராட்டிக்கொள்கிறார்கள். ஆயினும் இந்த விஷயத்தைப் பேச உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை. மற்றவர்கள் பாதியிலேயே தலையாட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

நீ என் கணவரின் தங்கை. உன் கணவர் அகாலத்தில் போனபிறகு, தேஹு ரோடு ராணுவத் தளவாடக் கிடங்கில் அவருடைய இடத்தில் உனக்கு எழுத்தர் வேலை கொடுத்தார்கள். கைக்குழந்தையோடு அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியேறினாய். நாம் பிழைக்க வந்த மராத்தி நகரத்தின் இந்தப் பக்கத்தில், நான் வைரஸ்களை ஆராயும் ஒரு கூடத்தில் வேலை பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் படித்து நான் பாளையங்கோட்டைப் பேச்சைத் தொலைத்தவள். நீயோ மேலதிகாரியிடம் இந்தியும், காய்கறிக்காரியிடம் மராத்தியும் பேசிவிட்டு, வீட்டு வாசலில் செருப்போடு அவற்றைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வருவாய். நமக்குள் அன்பு பொங்கியது என்று எழுதினால் நீயே சிரிப்பாய். ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டே பழகிப்போனோம். அது அன்பைவிட அதிக நாள் தாங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உங்கள் கிடங்கில் ரத்ததான முகாம் நடந்தது. அடுத்த வாரம் நீ சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"என் ரத்தம் வேண்டாம்னு சொல்லிட்டாவ மதினி. அம்புட்டு பேருக்கு முன்னால. நான் என்ன சாக்கடைத் தண்ணியையா குடுத்தேன்?"

சாப்பாட்டு மேசை நாற்காலியில் உன்னை உட்காரவைத்து நானே ரத்தம் எடுத்தேன். கூடத்தில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கல்லீரலில் தங்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உனக்குள் நெடுங்காலமாகக் குடியிருந்தது. பெரும்பாலும் நீ பிறக்கும்போதே உன் தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும். உன் அண்ணனிடம் அது இல்லை. உன் மகளிடமும் இல்லை. உன்னிடம் மட்டும், சத்தம் போடாமல் இருந்தது. அப்போது அதற்கு மாத்திரை என்று ஒன்று உலகத்தின் எந்தக் கடையிலும் கிடையாது. ஆறு மாதத்துக்கொருமுறை பார்த்துக்கொள்ளலாம், அதுவரை அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன்.

"அப்போ எனக்குள்ள ஒருத்தன் வாடகையும் தராம, சொல்லவும் செய்யாம குடியிருக்கான். காலி பண்ணச் சொல்லவும் வழியில்ல. அதானே சொல்லுதிய?"

"அதேதான்."

"நல்ல படிப்பு படிச்சிய," என்றாய்.

சோதனை போக எஞ்சிய உன் ரத்தநீரை ஒரு சிறு குழாயில் அடைத்து, எண் எழுதி, உறைபெட்டியில் வைத்தேன். எல்லோருடையதையும் அப்படித்தான் வைப்போம். அதில் விசேஷம் ஒன்றுமில்லை.

பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் உன் கண்கள் மஞ்சளாயின. அதற்குள் மாத்திரை வந்துவிட்டிருந்தது. லாமிவுடின் என்று பெயர். ஆனால் நீ டாக்டரிடம் வருவதற்குள் உன் பக்கத்து வீட்டு மராத்திக்காரி முந்திக்கொண்டாள். "மாள் காலா வைனி, காவீள் உதரேல்" என்று உன் தலையில் அந்த மாலையைக் கிரீடம்போல வைத்துவிட்டாள். மாலையைப் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணி, காமாலை இறங்கிவிடும் என்று பொருள். வைக்கும்போது தலையளவுதான் இருக்கும். நோய் இறங்க இறங்க மாலை தானாகவே நீண்டு கழுத்துக்கு வரும், மார்புக்கு வரும், வயிற்றுக்கு வரும். காலைத் தொட்டதும் ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

நான் வந்து பார்த்தபோது அது உன் மார்பில் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை என்று நீ சத்தியம் செய்தாய். நான் வாதாடவில்லை. அந்த மராத்திக்காரியைக் கேட்டு, அதே ஆளிடம் அதேபோல் இன்னொரு மாலை வாங்கிவந்து, என் சமையலறைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினேன். ஆணிக்குக் கல்லீரல் கிடையாது. அடுத்த வாரம் அந்த மாலை உப்பு ஜாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பச்சைக் குச்சி காயும்போது சுருங்குகிறது, சுருங்கினால் நூல் முடிச்சு நெகிழ்கிறது, நெகிழ்ந்தால் மாலை நீள்கிறது; அவ்வளவே. என் கணக்கு சரியென்று நிரூபணமான அந்தக் காலையில் நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் காப்பி போடும்போது அதற்கு முதுகைக் காட்டி நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. யார் மீதும் இல்லாமல், எதையும் குணப்படுத்தாமல், அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

உன்னை அழைத்துவந்து காட்டினேன். நீ ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"பாவம், ஒங்க ஆணிக்கும் காமாலை மதினி. நாளைக்கு டாக்டர்ட்ட போகும்போது அதையும் கூட்டிட்டுப் போவோம்."

டாக்டர் நல்லவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மாத்திரை எழுதுவதற்கு முன் உன் ரத்தம் எங்கள் கூடத்துக்கும் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் அப்போது ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். வைரஸ் தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகுகிறது. எடுக்கும்போது பிழை செய்கிறது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட பிழை விழுந்துவிட்டால், அதன்பின் அந்த மாத்திரை அதனிடம் பலிக்காது. பொதுவாக ஓராண்டோ அதற்கு மேலோ மாத்திரை விழுங்கியவர்களின் ரத்தத்தில்தான் அந்தப் பிழையைப் பார்ப்போம். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, பிழையுள்ளது மட்டும் தப்பிப் பெருகியிருக்கும்.

மாத்திரை சாப்பிடாதவர்களின் குழுவில் உன்னைச் சேர்த்திருந்தோம். உன்னிடம் அந்தப் பிழை இருந்தது.

எங்கள் தலைவர் தாளைப் பார்த்துவிட்டு நிமிராமலே சொன்னார்: "இவரை இந்தக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். மருந்து சாப்பிட்டவர்."

"சாப்பிடவில்லை. எனக்குத் தெரியும்."

"மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறதே."

"இருக்கிறது. அதனால்?"

"அதனால் சாப்பிட்டவர்."

படித்தவர்கள் செய்யும் தவறுகளுக்கு ஒரு தனி அழகு உண்டு. விளிம்பு தெரியாமல் வட்டமாக இருக்கும். எதிர்ப்பைக் காட்டுகிறவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, சாப்பிடாதவர்களிடம் எதிர்ப்பே இல்லை என்று நாங்கள் நேர்மையாக எழுதியிருப்போம்.

டாக்டரின் அறையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் இந்தியில், அம்மா என்ற பொருளில் மாஜி என்று அழைத்து, மிகப் பொறுமையாகக் கேட்டார்: "மாஜி, டாக்டரிடம் மறைக்கக் கூடாது. வெளியில் யாராவது மாத்திரை கொடுத்தார்களா? பொடி? சிலர் மாத்திரையை நுணுக்கிச் சூரணத்தில் கலந்து கொடுக்கிறார்கள்."

"மாலைதான் போட்டேன்," என்றாய்.

"மாலையில் மருந்து கிடையாது மாஜி."

"அத இவுங்களும் சொல்லிட்டாவ," என்று என்னைக் காட்டித் தமிழில் சொன்னாய். நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு அவர் என்னிடம் ஆங்கிலத்தில் தெளிவாக விளக்கினார். இந்த அம்மாள் முன்பே மாத்திரை சாப்பிட்டு நிறுத்தியவர் என்றால் எங்கள் சோதனை சரி. அப்படியானால் புதிதாக வந்திருக்கும் இரண்டாவது மருந்தைத் தொடங்கிவிடலாம். சாப்பிடவே இல்லை என்றால் எங்கள் சோதனையில் ஏதோ தவறு. வழக்கம்போல் முதல் மருந்தையே கொடுக்க வேண்டும். கல்லீரல் ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருக்கிறது, ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்றார்.

அவர் சொன்னதில் தர்க்கப்பிழை எதுவும் இல்லை. நீ பொய் சொன்னால் சரியான மருந்து கிடைக்கும். உண்மை சொன்னால், உன்னிடம் பலிக்காத மருந்தை நம்பிக்கையோடு கொடுத்து, நீ கண்ணெதிரே கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தேஹு ரோடு ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது சொன்னேன்: "ஆமாம், சாப்பிட்டேன் என்று சொல்லித் தொலை. ஒரு வார்த்தைதானே." அதை இன்றும் நான் தவறென்று கருதவில்லை. உயிருக்கும் ஒரு வாக்கியத்துக்கும் இடையில் தேர்வு வந்தால் நான் வாக்கியத்தைத்தான் விற்பேன்.

நீ ஆட்டோக்காரனிடம் இரண்டு இருக்கை என்று சைகை காட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினாய்.

"மாத்திரையே முழுங்கத் தெரியாதவ நான். காய்ச்சலுக்குக் குடுத்தாக்கூட நுணுக்கிக் கருப்பட்டியில வச்சித் திங்கவ. ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும். டாக்டருக்குத் தெரியாது."

"தாலியறுத்த நாள்லேர்ந்து இந்தக் கிடங்குல என்னப் பத்தி எத்தன கதை கட்டியிருப்பானுவ. ஒண்ணுக்கும் நான் தலையாட்டல. இப்ப செய்யாத ஒண்ண செஞ்சேன்னு நானே சொல்லணுமா? சொன்னா அது என் வாழ்க்கையில நடந்ததா ஆயிரும் மதினி. பொறவு அழிக்க முடியாது."

வீட்டில் உன் அண்ணன் தன் பங்குக்கு, "ஏதாவது தின்னுருப்பா, மறந்துருப்பா," என்றார். மராத்திக்காரிகூட உன்னைத் தனியே இழுத்து, தன்னிடம் மட்டும் சொல்லும்படி கேட்டாளாம். இரண்டு நாளில் நீயே ஒரு கேள்வி கேட்டாய். அதுதான் என்னைக் கலக்கியது. "தூக்கத்துல எந்திரிச்சி ஏதும் தின்னுருப்பேனா?" என்றாய். வீட்டு அலமாரிகளைத் திறந்து, உன் கை போயிருக்கக்கூடிய இடங்களையெல்லாம் நீயே துழாவிக்கொண்டிருந்தாய். உனக்குத் தெரியாமல் மாத்திரை தின்றவளாக இன்னொருத்தி அந்தக் குவார்ட்டர்ஸுக்குள் நடமாடுகிறாள் என்பதுபோல, அறைக்குள் நுழையுமுன் ஒரு கணம் நின்று பார்த்தாய்.

அன்று சாயங்காலம் என் சமையலறைக்குள் போனபோது ஆணியைப் பார்த்தேன். மாலையைப் பொய்யாக்க எனக்குத் தேவைப்பட்டது கல்லீரலே இல்லாத ஒரு சுவர். உன்னை மெய்யாக்கவும் அப்படி ஒன்றுதான் தேவை: இந்த மாத்திரையைச் சந்தித்திருக்கவே முடியாத ஒரு ரத்தம். அப்படி ஒன்று இருந்தது. அதுவும் உன்னுடையதே.

மறுநாள் பிற்பகல் உறைபெட்டி அறைக்குப் போனேன். கதவைத் திறந்தால் வெண்புகை காலடியில் வழிந்து பரவும். ஆயிரக்கணக்கான மனிதர்கள் அங்கே விரல் நீளக் குழாய்களில் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் அதற்குள் இறந்திருப்பார்கள். அங்கே அந்த வித்தியாசம் கிடையாது. என் இளவயதுக் கையெழுத்தில் உன் எண் பனிக்கடியில் இருந்தது. கையுறைக்குள் பிடித்தபோது, தேஹு ரோட்டில் கண் மஞ்சளாகிச் சோர்ந்து கிடக்கும் உன்னைவிட இளையவளாக, கிடங்கில் கோபித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்த அதே நீ, என் உள்ளங்கையில் மெல்ல உருகத் தொடங்கினாய். நான் பயப்படுகிற ஜாதி இல்லை. ஆனால் அந்த அறையில் என்னைத் தவிர ஆள் இருக்கிறது என்ற எண்ணம், வெளியே வந்து கதவைச் சாத்தும்வரை போகவில்லை.

குழாயின் எண்ணை மறைத்து, எதுவும் சொல்லாமல், சக ஆய்வாளர் ஒருத்தியிடம் கொடுத்தேன். அவள் வழக்கப்படி சோதனையை முடித்து, வைரஸின் மரபுத்துண்டுகள் கோடுகளாகப் பிரிந்து நிற்கும் கூழ்த்தகட்டைப் புறஊதாக்கதிர் விளக்கின் மேல் வைத்து என்னை அழைத்தாள். இருட்டறையில் ஆரஞ்சுக் கோடுகள் மினுங்கின. இருக்க வேண்டிய கோடு பிரகாசமாக இருந்தது. அதற்குக் கீழே, மூச்சு விட்டால் அணைந்துவிடும்போல, இன்னொரு மங்கலான கோடு: அந்தப் பிழையின் கோடு.

"கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. எப்போது மருந்து தொடங்கிய நோயாளி?" என்று கேட்டாள்.

மறைப்பைப் பிரித்து, எண்ணையும் அதிலிருந்த ஆண்டையும் காட்டினேன். அந்த ஆண்டில் இந்த மாத்திரை எங்கும் விற்பனைக்கே வரவில்லை. அவள் விளக்கை அணைக்க மறந்து நின்றாள்.

டாக்டர் என் தாள்களை இரண்டுமுறை படித்தார். சரி, இரண்டாவது மருந்தையே தொடங்கலாம் என்றார். டாக்டர்கள் மன்னிப்புக் கேட்பதில்லை, மருந்தை மாற்றுகிறார்கள். எங்கள் தலைவர் உன்னைத் திரும்பவும் பழைய குழுவில் சேர்த்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

உன்னிடம் சொல்ல நானே வந்தேன். நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நீ முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாய். கேட்டு முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாய்.

"அப்போ மாத்திரை வாரதுக்கு முந்தியே அது தயாரா இருந்திருக்கு."

"தயாராக இல்லை. அதற்கு ஒன்றும் தெரியாது. நகல் எடுக்கும்போது கண்மூடித்தனமாகப் பிழை விழுகிறது. அதில் ஒரு பிழை பின்னால் வந்த மருந்துக்குப் பொருந்திப்போனது."

"தெரிஞ்சி வச்சிருந்தா, சரி, எதிரின்னு சொல்லலாம். ஒண்ணுந் தெரியாமலே இம்புட்டு சரியா வச்சிருக்கே மதினி. அதான் பயமா இருக்கு."

எனக்குப் பதில் தெரியும். உன்னிடம் சொன்னேனே, அதுதான் பதில். முறத்தை எடுத்து, நீ விட்ட இடத்திலிருந்து புடைக்கத் தொடங்கினேன்.

புதிய மருந்தையும் நுணுக்கித்தான் தின்றாய். வைரஸ் அடங்கியது. ஆனால் கல்லீரல் அதற்கு முன்பே தன் முடிவை எடுத்துவிட்டிருந்தது. எங்களுக்கு எதிர்பார்த்ததைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன; அவ்வளவுதான். கடைசி மாதத்தில் கல்லீரல் கழிக்காத நஞ்சு மூளைக்கு ஏறி, உனக்குப் பகலும் இரவும் குழம்பின. என்னை அடையாளம் கண்டு தமிழில் ஏசுவாய். அடுத்த நிமிடம் கட்டிலின் வெறும் மூலையைப் பார்த்து, கிடங்கில் வெளியாட்களிடம் பேசும் அதே மரியாதையோடு இந்தியில், "பைட்டியே, பைட்டியே" என்பாய். உட்காருங்கள், உட்காருங்கள். யாரிடம் என்று கேட்டேன். "அதுட்டதான். எனக்கு முந்தி வந்தது. நின்னுக்கிட்டே இருக்கு பாருங்க," என்றாய். மருத்துவத்தில் அதற்குப் பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்தும் அந்த மூலையில் போய் உட்கார எனக்குத் துணிவு வரவில்லை. நாற்காலியை உன் தலைமாட்டுக்கு நகர்த்திக்கொண்டேன்.

உன் மகள் இப்போது வானவடியில் இருக்கிறாள். கணினிக் கம்பெனி வேலை, இரண்டு குழந்தைகள், காலில் சக்கரம். தமிழை நம் வீட்டாரிடம் மட்டுமே பேசிவந்தவள். இப்போது நான் ஒருத்திதான் பாக்கி என்பதால் அதுவும் தேய்ந்துவருகிறது. நேற்று போன் செய்தாள். அவளுடைய டாக்டர் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டாராம்.

"அத்தை, அம்மா யாருக்கும் சொல்லாம ஏதோ கோலி எடுத்தாங்கல்ல? பீச்சுல நிறுத்திட்டாங்க. அதனாலதானே லிவர் கராப் ஆச்சு?" அவள் தமிழில் பாதி இந்தி: கோலி என்றால் மாத்திரை, பீச்சுல என்றால் நடுவில், கராப் என்றால் கெட்டுப்போவது.

"யார் சொன்னது?"

"மாமாதான் சொல்வாரு. எல்லாருக்கும் தெரியுமே அத்தை."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. டாக்டர் மருந்தை மாற்றியதைப் பார்த்தவர்கள், நீ ஒப்புக்கொண்டதால்தான் மாற்றினார் என்று தாங்களே முடித்துக்கொண்டுவிட்டார்கள். உன் அண்ணன் அந்த முடிவோடு இறந்தார். நீ கடைசிவரை சொல்ல மறுத்ததை உனக்காக அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நான் உன் மகளிடம் முழுவதையும் சொன்னேன். நகல், பிழை, உறைபெட்டி, மங்கலான கோடு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். உன் அம்மா அந்த மாத்திரையில் ஒன்றைக்கூடத் தின்றதில்லை என்றேன். பிறகு, குழந்தையைச் சமாதானம் செய்வதுபோல், மிகப் பொறுமையாக, "டீக் ஹை அத்தை, சரி, சாப்பிடல. நீங்க டென்ஷன் எடுக்காதீங்க," என்றாள்.

அந்தக் குரலை நான் அறிவேன். மாஜி, டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்ற அதே குரல். அன்று அது உன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. என்னிடம் எடுத்துக் காட்டவும் எதுவும் இல்லை. கூடத்தை விட்டு வந்து நாளாயிற்று, உன் எண்ணை அங்கே யாரும் அறியமாட்டார்கள்.

வயதானவளுக்கு ஏற்ற வழி, சரியம்மா என்று போனை வைத்துவிடுவது. ஒரு வாக்கியத்துக்காக உறவைக் கெடுத்துக்கொள்கிற பெண் இல்லை நான். ஆட்டோ ஸ்டாண்டில் உனக்கே அதைச் சொன்னவள். ஆனால் உன் பிடிவாதம் எப்போதோ எனக்குள் வந்து குடியேறியிருக்கிறது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. நான் கேட்டு வாங்கியதில்லை.

"அவள் சாப்பிடவில்லை," என்றேன்.

உன் மகள் அதற்குள் போனை வைத்துவிட்டிருந்தாள். ஆளில்லாத ஒலி மட்டும் வந்துகொண்டிருந்த அந்த ரிசீவருக்குள், இன்னொரு முறை, நிதானமாகச் சொன்னேன்.